மழலையர் விளையாட ஒரு பட்டுத் துணி

நாம் வாழும் இவ்விடத்திற்குப் புக்கிட் மேரா என்பது பெயர். மலாய் மொழியில் புக்கிட் என்றால் குன்று. மேரா என்றால் சிவப்பு. செங்குன்று என்று நாம் தமிழில் சொல்லலாம். இப்பெயருக்குக் காரணமாகக் கூறப்படும் கதையை மாணவர் பலர் கேட்டிருப்பீர்கள். முன்னொரு காலத்தில், வாள் போன்ற கூரிய மூக்குடைய மீன்கள் சிங்கப்பூர்க் கடற்கரையில் கூட்டம் கூட்டமாகப் பாய்ந்து மக்களைக் குத்திக் கொன்றனவாம். அரசன் தன் வீரர்களின் கால்களையே வேலியாக நிறுத்தினான். வீரர்கள் மாண்டனர். அப்பொழுது ஒரு சிறுவன், "வாழைத் தண்டுகளை வேலியாக நிறுத்தினால் என்ன?" என்று கேட்டான். அவ்வாறே செய்தனர். பாய்ந்து வந்த மீன்களின் மூக்குகள் வாழைத் தண்டில் குத்திச் சிக்கிக்கொண்டன. நாடு பிழைத்தது. ஆனால், இத்துணை அறிவுடைய சிறுவன் வளர்ந்தால் தன் அரசுக்கு ஆபத்து என்று அஞ்சிய அரசன் அவனைக் கொல்வித்தான். அவன் சிந்திய குருதியால் இக்குன்று சிவந்தது என்பது கதை. மீன்கள் பாய்ந்த செய்தி செஜாரா மெலாயு என்னும் பழைய மலாய் நூலிலும் இடம்பெற்றுள்ளது.

வாழை எல்லாருடைய கண்ணிலும்தான் பட்டது. ஆயினும், அதில் ஒரு மதிலைக் கண்டவன் அச்சிறுவன் ஒருவனே. ஒரு பொருளில் இன்னொரு பொருளைக் காணும் அந்தக் கண் எல்லாக் குழந்தைகளுக்கும் உண்டு. அதனை வளர்ப்பதும் கெடுப்பதும் பெரியோர் கையில் உள்ளது.

சில திங்களுக்கு முன் தாய் ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அவருடைய இளைய மகள் பாலர் பள்ளியில் படிக்கிறாள். அவளுடைய தோழி ஒருத்தியின் வீட்டில், வெளிநாட்டிலிருந்து வரவழைத்த வண்ணப் பட்டுத் துணிகள் சில விளையாட்டுப் பொருளாக இருந்தன. பொம்மையும் இல்லை, பொத்தானும் இல்லை. வெறும் சதுரத் துணி. மகள் அதனையே கேட்டு அழுதாள். கடையில் விசாரித்த தாய் விலையைக் கேட்டு மலைத்துப் போனார். "நாங்கள் இருவரும் உழைத்துத்தான் குடும்பம் நடத்துகிறோம். இதை வாங்கித் தராவிட்டால் என் பிள்ளை மற்றப் பிள்ளைகளைவிடப் பின்தங்கி விடுவாளா?" என்று கேட்டார். இக்கேள்வியை மனத்தில் வைத்திருக்கும் பெற்றோர் பலர் இருக்கலாம் என்பதால், விடையை இந்த மலரின் வாயிலாக எல்லாருக்கும் கூற விரும்புகிறேன்.

துணியும் விளையாட்டும்

முதலில், ஒரு துணியைக் கொண்டு குழந்தை என்ன செய்யும் என்பதைப் பார்ப்போம். நீல நிறத் துணியைத் தரையில் விரித்தால் அது கடல். இரண்டு நாற்காலிகளின் மேல் போட்டால் வீடு. தலையில் சுற்றினால் தலைப்பாகை. இடுப்பில் செருகினால் அம்மாவின் சேலை. பொம்மையைக் கிடத்தி இரு முனைகளையும் பிடித்து ஆட்டினால் தூளி. மேலே வீசி எறிந்தால் மெல்ல மெல்லக் கீழே இறங்கும் மேகம். நண்பர்கள் வட்டமாக அமர்ந்தால், முடிச்சிட்ட அதே துணி குலைகுலையாய் முந்திரிக்காய் விளையாட்டில் முதுகுக்குப் பின்னால் போடும் துணியாகிவிடும்.

பேசும் பொம்மை ஒரே பாட்டைத்தான் பாடும். மின்கலத்தால் ஓடும் வண்டி வண்டியாக மட்டுமே இருக்கும். துணியோ குழந்தை நினைத்த வடிவமெல்லாம் எடுக்கும். எவ்வளவுக்கு எவ்வளவு பொருள் எளிமையாக இருக்கிறதோ, அவ்வளவுக்கு அவ்வளவு குழந்தையின் உள்ளம் உழைக்கிறது. சைமன் நிக்கல்சன் என்ற பிரிட்டானியர் 1971ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையொன்றில் இக்கருத்தையே வலியுறுத்தினார். ஓரிடத்தில் குழந்தைகள் எடுத்து, நகர்த்தி, மாற்றி அமைக்கக்கூடிய பொருள்கள் எவ்வளவு மிகுதியோ, அங்கே கண்டுபிடிப்பும் படைப்பும் அவ்வளவு மிகும் என்பது அவர் கொள்கை.

நம் முன்னோர் குழந்தை விளையாட்டை அற்பமாக எண்ணவில்லை. பிள்ளைத்தமிழ் என்னும் இலக்கிய வகையில் குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பிரித்துப் பாடினர். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதி மூன்று பருவங்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர் ஆகும். மணலால் கட்டிய வீடு, சிறிய பறை, உருட்டி விளையாடும் தேர் ஆகிய மூன்றும் விளையாட்டே அன்றோ? பெண்பாற் பிள்ளைத்தமிழில் கழங்கு, அம்மானை, ஊசல் ஆகியவை வருகின்றன.

பட்டுத் துணியை விளையாட்டுப் பொருளாகப் பரப்பியவர்கள் வால்டார்ஃப் கல்வி முறையைப் பின்பற்றும் மழலையர் பள்ளியினர். அம்முறையின் முதற்பள்ளி 1919ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் தோன்றியது. அங்கிருந்த வால்டார்ஃப் அஸ்டோரியா என்னும் சிகரெட் ஆலையின் உரிமையாளர் எமில் மோல்ட் என்பவர், தம் ஆலைத் தொழிலாளரின் பிள்ளைகளுக்குப் பள்ளி அமைத்துத் தருமாறு ருடால்ஃப் ஸ்டைனர் என்ற அறிஞரை வேண்டினார். இன்று விலை உயர்ந்த பொருளாக விற்கும் விளையாட்டுப் பட்டின் பின்னணியில் இருப்பது தொழிலாளர் பிள்ளைகளுக்காக எழுந்த ஒரு பள்ளி! உழைக்கும் பெற்றோர் இதனை நினைவில் கொள்ள வேண்டும்.

மரியா மாண்டிசோரி அம்மையாரின் முறையிலும் துணிக்கு இடமுண்டு. அவர் 1939ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றுக்கு வந்து, ஆசிரியர் பலருக்குப் பயிற்சி அளித்தவர். பட்டு, பருத்தி, கம்பளி முதலிய துணித் துண்டுகளை இரண்டிரண்டாக வைத்து, கண்ணைக் கட்டிக்கொண்டு தொட்டுப் பார்த்தே இணை சேர்க்கும் பயிற்சி அவர் முறையில் உண்டு. விரல்களுக்கும் கல்வி தேவை என்பது அவர் கருத்து.

இத்தனை பெயர்களும் வேண்டாம் என்றால், நம் தாத்தாவின் தோளில் கிடந்த துண்டை நினைத்துப் பாருங்கள். வெயிலுக்கு அதுவே முண்டாசு. களைத்தால் அதுவே விசிறி. சுமைக்கு அதுவே சும்மாடு. உறங்க அதுவே விரிப்பு. ஒரு துணிக்குப் பல வேலை என்பதை நம்மவர் யாரிடமும் கற்க வேண்டியதில்லை.

பட்டு என்பது யாது?

மாணவர்களே, பட்டு ஒரு புழு நூற்ற நூல். பட்டுப் புழு முசுக்கொட்டை இலையை மட்டுமே தின்று வளரும். ஒரு தாய் அந்துப்பூச்சி 300 முதல் 500 முட்டைகள் வரை இடும். முட்டையிலிருந்து வெளிவரும் புழு, நான்கு முறை தோலுரித்து, ஏறத்தாழ நான்கு வாரங்களில் முழு வளர்ச்சி பெறும். பின்னர் தன் வாயருகே உள்ள நுண்துளை வழியாக ஒரு நீர்மத்தைச் சுரந்து, அதைக் காற்றில் இழையாக்கி, மூன்று நாள் அளவில் தன்னைச் சுற்றி ஒரு கூட்டைக் கட்டிக்கொள்ளும். ஒரு கூட்டில் உள்ள இழை, அறுபடாமல் 600 மீட்டர் முதல் 1,000 மீட்டருக்கு மேலும் நீளும்.

கூடுகளை வெந்நீரில் இட்டு, இழைகள் பலவற்றைச் சேர்த்து நூலாகப் பிரிப்பர். உள்ளே இருக்கும் கூட்டுப்புழு அப்பொழுது இறந்துவிடும். ஒரு கிலோகிராம் கச்சாப் பட்டுக்கு ஐயாயிரத்திற்கும் மேற்பட்ட கூடுகள் தேவை. பதினெட்டுக் கிராம் எடையுள்ள ஒரு சிறிய விளையாட்டுத் துணியிலும் ஏறத்தாழ நூறு புழுக்களின் உழைப்பும் உயிரும் அடங்கியிருக்கின்றன. பட்டுக்குப் பெயர் பெற்ற காஞ்சிபுரத்தில் மடாதிபதியாக விளங்கிய சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள் (1894–1994), இக்காரணம் பற்றியே பட்டு உடுத்த வேண்டாம் என்று அறிவுரை கூறி வந்தார். பூச்சி வெளியே பறந்த பிறகு எஞ்சிய கூட்டிலிருந்து நூற்கும் அகிம்சைப் பட்டும் இன்று கிடைக்கிறது. பட்டே வேண்டாம் என எண்ணும் இல்லத்தார், மெல்லிய பருத்தித் துணியைத் தயங்காமல் பயன்படுத்தலாம். காவிரிப்பூம்பட்டினத்து மகளிர் இரவில் பட்டை நீக்கிவிட்டு மென்மையான துகிலை உடுத்தினர் என்று பட்டினப்பாலை கூறுகிறது. உடம்புக்கு இதமானது எது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

பட்டு இழை நம் தலைமுடியைப் போலப் புரதத்தால் ஆனது. பருத்தி, தாவரத்தின் நார்ப்பொருளால் ஆனது. பாலியெஸ்டர் என்பது கல்லெண்ணெயிலிருந்து ஆலையில் செய்வது. இந்த வேறுபாட்டை நினைவில் வையுங்கள். வாங்கும்போதும், சாயம் ஏற்றும்போதும், துவைக்கும்போதும் இதுவே நமக்கு வழிகாட்டும்.

வாங்குவோர் அறிய வேண்டியவை

விளையாட்டுக்கு ஏற்றது, ஹாபோதாய் எனப்படும் மெல்லிய வெற்றுப் பட்டாகும். அதன் கனத்தை மொம்மே என்னும் ஜப்பானிய அளவால் குறிப்பர். ஒரு மொம்மே என்பது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 4.3 கிராம். விளையாட்டுத் துணிக்கு 5 முதல் 8 மொம்மே வரை போதும். 90 சென்டிமீட்டர் சதுரத் துணி 5 மொம்மேயில் ஏறத்தாழ 18 கிராமும், 8 மொம்மேயில் ஏறத்தாழ 28 கிராமும் இருக்கும். ஐந்து மொம்மேத் துணி காற்றில் நன்றாக மிதக்கும். எட்டு மொம்மேத் துணி நீண்ட நாள் உழைக்கும்.

காஞ்சிபுரப் பட்டு இதற்கு ஏற்றதன்று. அங்கே கர்நாடகத்திலிருந்து வரும் பட்டு நூலை முறுக்கேற்றி, சூரத்திலிருந்து வரும் சரிகையைச் சேர்த்து, கல்யாணத்திற்கு உடுத்தக் கனமாக நெய்கின்றனர். அதன் பெருமை வேறு. குழந்தை கையில் மிதக்க வேண்டிய துணியின் தேவை வேறு.

நம் பேட்டையிலிருந்து துணி வாங்கச் செல்வது எளிது. ரெட்ஹில் நிலையத்தில் பெருவிரைவு ரயில் ஏறினால், மாறாமலே பூகிஸ் சென்று, அங்கிருந்து நடந்து அராப் ஸ்திரீட் துணிக்கடைகளை அடையலாம். ஊட்ரம் பார்க்கில் இறங்கி வடகிழக்குத் தடத்திற்கு மாறினால் லிட்டில் இந்தியா. சிராங்கூன் சாலைக் கடைகளிலும், தேக்கா நிலையத்தின் மேல்தளத்திலும் சேலைகளும் ரவிக்கைத் துணிகளும் விற்கின்றனர், தையற்காரர்களும் உள்ளனர். முழு விளையாட்டுத் துணி எனக் கேட்காமல், வெள்ளை நிற மெல்லிய பட்டு ஒரு மீட்டர் எனக் கேளுங்கள். அல்லது, விற்று எஞ்சிய வெட்டுத் துணி இருக்கிறதா எனக் கேளுங்கள். பட்டு கிடைக்காவிட்டால், வாயில் அல்லது மல்மல் எனப்படும் மெல்லிய பருத்தித் துணியை வாங்கலாம்.

'சில்க்' என்று சொல்லி விற்பவை அனைத்தும் பட்டு அல்ல. 'ஆர்ட் சில்க்' என்பது செயற்கை இழை. 'சாட்டின்' என்பது இழையின் பெயரே அன்று, நெசவின் பெயர். பாலியெஸ்டரிலும் சாட்டின் நெய்யலாம். எனக்கே ஒரு முறை இவ்வாறு நேர்ந்தது. தூய பட்டு என்று கடைக்காரர் கூறியதை நம்பி ஒரு துணியை வாங்கி வந்தேன். சாயம் ஏற்ற முயன்றபோது ஒரு துளியும் ஒட்டவில்லை. அப்போதுதான் சோதித்துப் பார்த்தேன்.

சோதிக்கும் முறை இது. துணியின் ஓரத்திலிருந்து இரண்டு மூன்று இழைகளை உருவி, இடுக்கியில் பிடித்து, கழுவு தொட்டியின் மேலே நெருப்பில் காட்ட வேண்டும். உண்மைப் பட்டு மெல்லக் கருகும். நெருப்பை அகற்றியதும் பெரும்பாலும் அணைந்துவிடும். தலைமுடி தீய்ந்த நாற்றம் வீசும். கரிய சாம்பல் விரலில் நொறுங்கும். பாலியெஸ்டர் உருகிச் சொட்டி, ஆறியதும் கடினமான மணியாகும். செயற்கைப் பட்டான ரேயான் காகிதம் எரிவது போல் எரிந்து சாம்பலாகும். இச்சோதனையைப் பெரியவர்கள் மட்டுமே செய்ய வேண்டும். மாணவர்கள் எட்ட நின்று பார்க்கலாம். இந்தியாவிலிருந்து வரும் துணியாயின், 2004ஆம் ஆண்டு முதல் வழங்கப்படும் 'சில்க் மார்க்' முத்திரை இருக்கிறதா என்றும் பார்க்கலாம்.

பெட்டியில் உறங்கும் பட்டு

புதிதாக வாங்குமுன் வீட்டுப் பெட்டியைத் திறந்து பாருங்கள். மடிப்பில் கிழிந்துபோன பட்டுச் சேலை, கறை படிந்த பட்டுப் பாவாடை, தாத்தாவின் பட்டுத் துண்டு என ஏதேனும் ஒன்று கிடைக்கும். நூறு நூறு புழுக்களின் உழைப்பு இருட்டில் வீணாகக் கிடப்பதைவிட, ஒரு குழந்தையின் கையில் மீண்டும் பயன்படுவது நன்று.

ஆனால், பாட்டியைக் கேளாமல் கத்தரிக்கோலை எடுக்கக் கூடாது. கிழிந்த சேலை ஆனாலும், அது எந்த நாளில் யார் வாங்கித் தந்தது என்பது அவருக்குத்தான் தெரியும். கூறைப் புடவையை அறுக்க மனம் வராவிட்டால் வற்புறுத்த வேண்டாம். வேறொன்றைத் தாமே எடுத்துக் கொடுத்தாரானால், அதன் கதையையும் பேரப்பிள்ளைக்குச் சொல்லும்படி கேளுங்கள். கடையில் வாங்கும் துணியோடு அந்தக் கதை வாராது.

சேலையை வெளிச்சத்திற்கு எதிரே பிடித்துப் பார்த்தால், நைந்த இடங்கள் தெரியும். அவற்றை ஒதுக்கிவிட வேண்டும். மெல்லிய சேலையே நல்லது. சேலை ஐந்தரை மீட்டர் நீளமும் ஏறத்தாழ 115 சென்டிமீட்டர் அகலமும் கொண்டது. இரு புறமும் சிறிய கரையையும், முந்தானையையும் நீக்கினால், 90 சென்டிமீட்டர் சதுரங்கள் நான்கோ ஐந்தோ கிடைக்கும். சரிகை குழந்தையின் தோலைக் கீறும். பிரிந்த இழை வாய்க்குள் போகும். ஆகவே சரிகை சிறிதும் இருத்தல் ஆகாது. வெட்டிய சரிகைக் கரையை எறிந்துவிட வேண்டாம். பழைய அசல் சரிகை, பட்டு நூலின் மேல் வெள்ளித் தகட்டைச் சுற்றிப் பொன் முலாம் பூசியது. அதற்கெனப் பழைய சேலைகளை விலைக்கு வாங்குவோர் உண்டு.

தைக்கும் முறை

துணியை முதலில் துவைத்து நிழலில் உலர்த்துங்கள். சுருங்குவதானால் அப்பொழுதே சுருங்கிவிடும். பட்டு வழுக்கும் இயல்புடையது. கோடு போட்டு வெட்டினால் கோணும். வெட்ட வேண்டிய இடத்தில் ஓரத்தைச் சிறிது நறுக்கி, ஓர் இழையைப் பிடித்து மெல்ல உருவினால், துணியின் குறுக்கே நேரான ஒரு தடம் தோன்றும். அதன்மேல் வெட்டினால் பிசகாது.

பின்னர் ஓரத்தை விரலால் உருட்டி, மெல்லிய ஊசியில் ஒற்றை நூல் கோத்து, நெருக்கமாகத் தைக்க வேண்டும். தையல் எந்திரத்தில் தைப்பவர்கள் ஓரத்தை இருமுறை மடித்துத் தைக்கலாம். குஞ்சம், மணி, பாசி, ரிப்பன் எதுவும் வேண்டாம். உயர் வகுப்பு மாணவர்கள் தம்பி தங்கைக்காக இத்தையலைப் பெரியவர் துணையுடன் பழகலாம். ஓர் ஓரத்தை ஒரு மாலையில் முடித்தால், நான்கு நாளில் துணி ஆயத்தமாகிவிடும்.

சமையலறைச் சாயங்கள்

வெள்ளைத் துணிக்கு நிறம் ஏற்ற, நம் சமையலறையே போதும். முதலில் துணியை அரை மணி நேரம் நீரில் ஊற வையுங்கள்.

மஞ்சள் நிறத்திற்கு மஞ்சள் தூள். இரண்டு லிட்டர் நீரில் இரண்டு தேக்கரண்டி மஞ்சள் தூளைக் கால் மணி நேரம் காய்ச்சி, துணியில் வடிகட்டி, அந்நீரில் பட்டை அரை மணி நேரம் மெல்லிய சூட்டில் வைத்தால் பளிச்சென்ற மஞ்சள் ஏறும். தேயிலை நீர் இளம் பழுப்பைத் தரும். இவ்விரண்டும் பருத்தியிலும் ஏறும். கேரளத்தார் குடிநீரில் இட்டுக் காய்ச்சும் பதிமுகக் கட்டையை, சிறிது படிகாரம் கரைத்த நீரில் ஊறிய பட்டுக்குப் பயன்படுத்தினால் சிவப்பு கிடைக்கும். நம் செங்குன்றுக்கு ஏற்ற நிறம்! படிகாரம் பயன்படுத்திய பாத்திரத்தில் சமைக்கக் கூடாது.

கேசரியில் சேர்க்கும் உணவு நிறப் பொடியும் பட்டுக்கு ஏற்ற சாயமே. நீரில் ஊறிய பட்டை, அரைக் குவளை வினிகர் கலந்த ஒரு லிட்டர் நீரில் இட்டு, கால் தேக்கரண்டி நிறப்பொடியைக் கரைத்துச் சேர்த்து, கொதிக்க விடாமல் இருபது நிமிடம் சூடாக வைக்க வேண்டும். ஆறிய பின், நீர் தெளியும் வரை அலச வேண்டும். புளிப்புப் பொருளின் துணையால் அந்நிறம் பட்டின் புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. பருத்தியை அவ்வாறு பற்றுவதில்லை. பாலியெஸ்டரிலோ அறவே ஒட்டுவதில்லை. நான் ஏமாந்ததை உணர்ந்ததும் இதனால்தான்.

மதுரைச் சுங்குடிச் சேலையில் புள்ளி புள்ளியாக அழகு தோன்றுவதைக் கண்டிருப்பீர்கள். துணியைச் சிறுசிறு முடிச்சுகளாக நூலால் இறுக்கிக் கட்டி, சாயத்தில் நனைத்து, பின்னர் அவிழ்த்தால், கட்டிய இடம் வெள்ளையாக நிற்கும். வீட்டில் கொண்டைக்கடலையை உள்ளே வைத்துக் கட்டினால், குழந்தைகளும் இதனைச் செய்யலாம். முடிச்சை அவிழ்க்கும் நேரத்தில் அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்!

மாணவர்களுக்கு ஓர் ஆய்வு: மஞ்சள் சாயமேற்றிய ஒரு சிறு வெள்ளைப் பருத்தித் துண்டில் சோப்பு நீரைத் தடவுங்கள், அது சிவக்கும். அதன்மேல் எலுமிச்சைச் சாற்றைப் பிழியுங்கள், மீண்டும் மஞ்சளாகும். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்துக் குங்குமம் செய்வதும் இதே விந்தையால்தான். மஞ்சள் துணியைச் சோப்பிட்டுத் துவைத்து, அது சிவந்துவிட்டது என்று தாய்மார்கள் திகைக்க வேண்டாம். சிறிது வினிகர் கலந்த நீரில் அலசினால் போதும். மஞ்சள் நிறம் வெயிலில் வெளுக்கும். வெளுத்தால் மறுபடியும் ஏற்றலாம். அதுவும் ஒரு விளையாட்டே.

பட்டு முடியைப் போன்றது என்றோம் அன்றோ? ஆகவே தலைக்குப் போடும் ஷாம்பு சிறிதளவே அதைத் துவைக்கப் போதும். குளோரின் கலந்த வெளுப்பான் பட்டைக் கரைத்துவிடும். முறுக்கிப் பிழியாமல், துவாலையில் சுருட்டி அழுத்தி நீரை எடுத்து, நிழலில் உலர்த்துங்கள். சன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் வெயிலில் காய வைத்தால், நிறமும் போகும். காற்றில் துணியும் போகும்.

மறக்கக் கூடாத எச்சரிக்கை

இதுவரை கூறியவற்றுள் எதை மறந்தாலும் பின்வருவனவற்றை மறக்கக் கூடாது. மெல்லிய துணி குழந்தையின் உயிருக்கே ஊறு செய்ய வல்லது.

துணியை ஒருபோதும் கழுத்தில் கட்டக் கூடாது. அரசனைப் போல முதுகில் தொங்க வேண்டுமானால், சட்டையின் பின்கழுத்துப் பட்டியில் சிறிதளவு செருகி விடுங்கள்; எங்கேனும் மாட்டி இழுத்தால் தானே கழன்றுவிடும். தொட்டிலிலும் படுக்கையிலும் துணியை வைக்கக் கூடாது. கைக்குழந்தையின் முகத்தை மூடக் கூடாது. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை துணியோடு விளையாடும்போது பெரியவர் ஒருவர் அருகில் இருக்க வேண்டும். சறுக்குமரம், ஊஞ்சல், மிதிவண்டி, மின்படிக்கட்டு ஆகியவற்றுக்குத் துணியைக் கொண்டு செல்லக் கூடாது. அடுப்பருகிலும் விளக்கருகிலும் கூடாது.

அடுக்குமாடி வீடுகளில் வாழும் நாம் இன்னொன்றையும் எண்ண வேண்டும். காற்றில் பறந்த துணியை எட்டிப் பிடிக்கக் குழந்தை சன்னலில் ஏறும். ஆகவே, சன்னலை ஒட்டியும் தாழ்வாரக் கைப்பிடிச் சுவரை ஒட்டியும் இவ்விளையாட்டு வேண்டாம். கூடத்தின் நடுவில் விளையாடட்டும். புளோக்கின் கீழ்த்தளத்தில் விளையாடினால் பெரியவர் உடன் செல்லட்டும்.

அத்தாயின் கேள்விக்கு விடை

இனி, அத்தாயின் கேள்விக்கு வருவோம். வெளிநாட்டுப் பட்டை வாங்கித் தராவிட்டால் குழந்தை பின்தங்கி விடுவாளா? நிச்சயமாக இல்லை. கடலையும் மேகத்தையும் தூளியையும் துணி கொண்டுவந்து தருவதில்லை. குழந்தையே அவற்றைத் துணிக்குத் தருகிறாள். பட்டு நன்று, மென்மையானது, காற்றில் மிதப்பது. அதை வாங்க இயன்றவர் நல்லதாகப் பார்த்து வாங்கலாம். இயலாதவர் பழைய சேலையிலிருந்து செய்யலாம். அதுவும் இல்லையெனில், இரண்டு வெள்ளைப் பருத்தித் துண்டும் ஒரு பிடி மஞ்சளும் போதும்.

அந்தத் தாய் அவ்வாறே செய்தார். தம் மாமியாரின் பழைய சேலையில் நான்கு துணிகள் தைத்ததாகவும், ஓரம் சற்றுக் கோணிவிட்டதாகவும் சொன்னார். மகள் கோணலைப் பார்த்தாளா என்று கேட்டேன். "அவள் அதை ஆறு என்கிறாள், ஐயா. ஆறு கோணலாகத்தானே ஓடும் என்கிறாள்" என்று சிரித்தார்.

வாழைத் தண்டில் மதிலைக் கண்ட சிறுவனை அக்காலத்து அரசன் வாழ விடவில்லை. கோணல் துணியில் ஆற்றைக் காணும் குழந்தைகள் நம் வீடுகளில் வளர்கிறார்கள். வேலை முடிந்து வீடு திரும்பும் பெற்றோர்களே, எத்துணைக் களைப்பாயினும், நாள்தோறும் பத்து நிமிடம் அத்துணியின் மறுமுனையைப் பிடித்துக்கொள்ளுங்கள். எந்தக் கடையிலும் விலைக்குக் கிடைக்காதது அது ஒன்றே.